கடலோரப் படங்கள்: முதலில் காற்றைப் பாருங்கள், பிறகு கேமராவை எடுங்கள்

கடற்கரையில் ஒரே இடத்தில் நின்று அலை, மேகம், மின்னல், தாழப் பறக்கும் விமானம் எல்லாவற்றையும் ஆண்டு முழுக்கப் படம் எடுக்கலாம். அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றும் என்ன செய்யும் என்று தெரிந்து, மேனுவல் மோடுக்கு இப்போதுதான் வந்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த மூன்றையும் இங்கே மறுபடி விளக்கப்போவதில்லை.

தேவையான கருவிகள் குறைவுதான். கேமராவோடு வரும் 18-55 போன்ற லென்ஸ், 70-300 அல்லது 100-400 ஜூம், ஒரு டிரைபாட், 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் (லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி). மாறும் என்டி ஃபில்டர் வாங்காதீர்கள். அகலமான கோணத்தில் முழு அடர்த்திக்குத் திருப்பினால் வானத்தின் குறுக்கே பெருக்கல் குறி போலக் கறுப்புக் கறை விழும். எடிட்டிங்கில் அதைச் சரிசெய்ய முடியாது. 10 ஸ்டாப் ஃபில்டரும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், காரணம் அலைப் பகுதியில் வருகிறது. டிரைபாட் காலில் திருகுப் பூட்டை விட மடக்குப் பூட்டு மேல். மணல் புரிக்குள் போய் உட்காராது.

படி 1: காற்றின் திசை

கிளம்பும் முன் பார்க்க வேண்டியது காற்று எங்கிருந்து வருகிறது என்பது. விமானம் எந்தப் பக்கமிருந்து இறங்கும், அலை எப்படி உடையும், லென்ஸில் உப்பு படியுமா என்ற மூன்றையும் அதுதான் முடிவு செய்கிறது.

விமானங்கள் எதிர்க்காற்றில் இறங்கும், எதிர்க்காற்றில் ஏறும். ஓடுபாதையின் எண் அதன் காந்தத் திசையைப் பத்தால் வகுத்தது: 07 என்றால் ஏறக்குறைய 70 டிகிரி. அதே பாதையின் மறுமுனை 25, அதாவது 250 டிகிரி. விமான நிலையங்கள் வெளியிடும் மெட்டார் வானிலை அறிக்கையில் 07012 என்ற ஐந்து இலக்கத்தைப் பார்த்தால், முதல் மூன்றும் காற்று வரும் திசை, கடைசி இரண்டும் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் வேகம். 70 டிகிரியிலிருந்து 12 நாட்.

இங்கேதான் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். அறிக்கை சொல்வது காற்று வரும் திசையை, போகும் திசையை அல்ல. தமிழ்ப் பெயர்களை நினைத்துக்கொண்டால் குழப்பமே வராது. வாடை வடக்கிலிருந்து, தென்றல் தெற்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து, கோடை மேற்கிலிருந்து. நாமும் வரும் திசைக்குத்தான் பெயர் வைத்திருக்கிறோம். 07012 என்பது கொண்டல். அன்று 07ஆம் பாதைதான் நடக்கும், விமானங்கள் மேற்கிலிருந்து வந்து இறங்கும்.

கடலோர நிலையங்களில் இது ஒரே நாளில் இரண்டு முறை மாறலாம். இரவில் நிலம் சீக்கிரம் குளிர்வதால் விடியற்காலையில் நிலக்காற்று கடலை நோக்கி வீசும். நிலம் சூடேறியதும், முற்பகலுக்கு மேல், கடற்காற்று திரும்பும். ஓடுபாதை கரைக்குக் குறுக்காக இருந்தால் இதன் பொருள்: அதிகாலையில் விமானங்கள் கடல் பக்கமிருந்து இறங்கி வரும், பிற்பகலில் கடல் பக்கம் ஏறிப் போகும். சக்கரம் இறக்கித் தாழ வரும் படம் வேண்டுமா, விடியலில் போங்கள். வயிற்றைக் காட்டி ஏறும் படம் வேண்டுமா, மதியத்துக்கு மேல் போங்கள். காற்று மெலிதாக இருக்கும் நாட்களில் கட்டுப்பாட்டு அறை வேறு காரணங்களுக்காக வேறு பாதையைத் தரலாம். பருவக்காற்று வலுத்திருக்கும் மாதங்களில் இந்தக் காலை மாலைக் கணக்கு மறைந்துபோகும். பிளைட்ரேடார்24 செயலியில் கடைசி இரண்டு மூன்று விமானங்கள் வந்த வழியைப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

படி 2: சூரியன் மறையும் இடம்

டிசம்பர் 21க்கும் ஜூன் 21க்கும் இடையே சூரியன் மறையும் இடம் அடிவானத்தில் குறைந்தது 47 டிகிரி நகர்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக இது கூடும். நகரும் வேகம் சீரானதல்ல. மார்ச், செப்டம்பர் மாதங்களின் பிற்பகுதியில் நாளொன்றுக்கு 0.4 டிகிரி, சூரிய வட்டத்தின் அகலமே அரை டிகிரிதான். கலங்கரை விளக்கத்துக்கு நேர் பின்னால் சூரியன் இறங்கும் படத்தை 2 கிலோமீட்டர் தள்ளி நின்று எடுப்பதாக வைத்துக்கொண்டால், அடுத்த நாள் அதே படத்துக்குச் சுமார் 14 மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்து நிற்க வேண்டும். ஜூன், டிசம்பர் பிற்பகுதியில் ஓரிரு வாரம் கிட்டத்தட்ட அதே இடத்தில் மறையும். மேகம் கெடுத்தாலும் மறுநாள் வாய்ப்பு உண்டு. இப்படிப்பட்ட படங்களுக்கு அந்த மாதங்களைத் தேர்ந்தெடுங்கள்.

படி 3: அலை

ஓத நேரத்தை, அதாவது கடல்மட்டம் ஏறி இறங்கும் நேரத்தைப் பாருங்கள். நாளுக்கு நாள் அது ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் மிக அதிகம். வற்றத்தில்தான் ஈர மணல் கண்ணாடி போல வானத்தைக் காட்டும்.

நிலக்காற்று இருக்கும் காலையில் அலையின் முகடு நிமிர்ந்து நின்று, நுரை பின்னோக்கிச் சிதறும். அதற்கு 1/1000 நொடி. கரையில் வழிந்து திரும்பும் நீர் கோடு கோடாக வர வேண்டுமென்றால் அரை நொடி. எஃப்/11, ஐஎஸ்ஓ 100ல் கேமராவின் ஒளிமீட்டர் 1/125 என்று காட்டினால், 6 ஸ்டாப் ஃபில்டர் அதை 64 மடங்காக்கி அரை நொடிக்குக் கொண்டுவரும். 10 ஸ்டாப் போட்டால் 8 நொடி ஆகிவிடும். அலை போய்ப் பனிமூட்டம்தான் மிஞ்சும். அலையின் உருவம் தெரிய வேண்டும் என்பது என் கட்சி, அதனால்தான் 6 ஸ்டாப். ஷட்டரை அலை ஏறும்போது அழுத்தாதீர்கள், நீர் திரும்பி இழுக்கும் கணத்தில் அழுத்துங்கள்.

டிரைபாட் கால்களை ஈர மணலில் அழுத்தி ஊன்றி, ஒரு அலை வந்து போகட்டும். கால்கள் இறங்கியிருக்கும். அதன்பிறகு அடிவானத்தை நேராக்குங்கள்.

படி 4: விமானம்

ஜெட் விமானத்துக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. 1/1000 அல்லது அதற்கு மேல், எஃப்/8, தொடர் ஃபோகஸ், விமானி அறையின் மேல் ஃபோகஸ் புள்ளிகள்.

புரொப்பெல்லர் விமானம்தான் வேறு கதை. 1/1000ல் எடுத்தால் தகடுகள் உறைந்து நின்று, என்ஜின் நின்றுபோன விமானம் வானத்தில் தொங்குவது போல இருக்கும். தகடுகள் சுழல்வது தெரிய வேண்டும். எந்த ஷட்டர் வேகம் என்பதை ஊகிக்க வேண்டாம், கணக்குப் போட்டுவிடலாம். நிமிடச் சுழற்சியைத் தகடுகளின் எண்ணிக்கையால் பெருக்கி 60ஆல் வகுங்கள். வரும் எண்ணை 1க்குக் கீழே போட்டால், அது முழு வட்டம் கிடைக்கும் ஷட்டர் வேகம்.

இரண்டு தகடு கொண்ட செஸ்னா 172, 2400 சுழற்சியில்: 80. முழு வட்டத்துக்கு 1/80. ஆறு தகடு கொண்ட ஏடிஆர் 72, புறப்படும்போது 1200 சுழற்சி: 120. முழு வட்டத்துக்கு 1/120. ராபின்சன் ஆர்44 ஹெலிகாப்டர், இரண்டு தகடு, ஏறக்குறைய 400 சுழற்சி: 13. முழு வட்டத்துக்கு 1/13, அதைக் கையில் பிடித்து எடுப்பது மிகக் கடினம்.

முழு வட்டம் கட்டாயமில்லை, பாதி போதும். அந்த எண்ணை இரட்டிப்பாக்குங்கள்: செஸ்னாவுக்கு 1/160, ஏடிஆருக்கு 1/250, ஆர்44க்கு 1/30. இறங்க வரும் விமானத்தில் சுழற்சி குறையும். செஸ்னா 1500க்கு வந்தால் பாதி வட்டத்துக்கே 1/100 வேண்டும். ஏறும்போது நன்றாக வந்த செட்டிங்கில் இறங்கும்போது தகடு உறைந்துபோவது இதனால்தான்.

மெதுவான ஷட்டரோடு விமானத்தைத் தொடர்ந்து திருப்புவதுதான் பேனிங். பாதங்களை விமானம் உங்களைக் கடக்கப்போகும் இடத்தை நோக்கி ஊன்றுங்கள், அது வரும் பக்கம் இடுப்பை முறுக்கிக்கொள்ளுங்கள். கடக்கும்போது முறுக்கு தளர்ந்து, உடல் இயல்பாகத் திரும்பும். எல்லோரும் தலைகீழாகச் செய்வது இதைத்தான்: வரும் பக்கம் பாதத்தை வைத்துவிட்டால், தேவையான நேரத்தில் இடுப்பு இறுகி, கேமரா குலுங்கும். முழங்கைகள் விலாவை ஒட்டியிருக்கட்டும். அழுத்துவதற்கு மூன்று நான்கு நொடி முன்பே பின்தொடரத் தொடங்கி, அழுத்திய பிறகும் நிறுத்தாமல் திருப்புங்கள். லென்ஸின் நடுக்கத்தடுப்பில் பேனிங் மோடு இருந்தால் அதற்கு மாற்றுங்கள். 1/400ல் தொடங்கி, தெளிவான படங்கள் வர வர ஒவ்வொரு படியாக இறங்குங்கள்.

நடுப்பகலில் இன்னொரு சிக்கல். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/125க்கு எஃப்/16 வேண்டும், 1/60க்கு எஃப்/22. அந்தச் சிறிய துளையில் கூர்மை குறையும், சென்சார் தூசியெல்லாம் நீல வானத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். 3 ஸ்டாப் என்டி ஃபில்டர் போட்டால் 1/125ல் எஃப்/5.6க்கு வந்துவிடலாம்.

எக்ஸ்போஷரை ஒருமுறை வைத்துவிட்டுக் கைவைக்காதீர்கள். விமானம் வானம், மரம், கடல் என்று பின்னணி மாறிக்கொண்டே போகும். தானியங்கி மீட்டர் ஒவ்வொன்றுக்கும் அலையும். தெளிந்த நாளில் முழு மேனுவல். மேகம் விட்டுவிட்டு மறைக்கும் நாளில் தானியங்கி ஐஎஸ்ஓ, கூடவே +1 எக்ஸ்போஷர் ஈடு (காம்பென்சேஷன்). வெளிர்ந்த வானத்தின் முன் விமானத்தின் அடிப்பகுதி கறுத்துப்போகாமல் அது காக்கும்.

கானல் அலைக்கு மருந்து கிடையாது. சூடான மணல், தார்ச் சாலை, ஓடுபாதை இவற்றுக்கு மேலாக நீண்ட லென்ஸில் எடுத்தால் எழுத்துகள் நெளியும். விலையுயர்ந்த லென்ஸிலும் நெளியும். காலையில் வாருங்கள், அருகே போங்கள், அல்லது விமானம் உயரே இருக்கும்போது எடுங்கள். குளிர் மாதங்களின் காலைகள் இதற்காகவே அருமையானவை.

நிலாவைக் கடக்கும் விமானத்தை முயல விரும்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு: 36 மீட்டர் இறக்கை விரிவுள்ள ஏர்பஸ் 320, 4 கிலோமீட்டர் தொலைவில் அரை டிகிரி அகலம், அதாவது நிலாவின் அகலத்தை அப்படியே நிரப்பும். சூரியனுக்கு இதை முயன்றால் லென்ஸின் முன்னால் சூரிய ஃபில்டர் கட்டாயம். என்டி ஃபில்டர் அதற்கு மாற்றல்ல.

படி 5: மழைக்காலம்

பலரும் கேமராவை உள்ளே வைக்கும் இந்த மாதங்களில்தான் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். இறங்கும் விமானத்தின் இறக்கைமேல் காற்றழுத்தம் குறையும் இடத்தில் அந்த ஈரம் வெண்புகையாகத் திரளும், இறக்கையின் பின்னோரத்தில் இறங்கும் ஃபிளாப் தகடுகளின் ஓரங்களில் கயிறு போலச் சுருளும். இருண்ட மேகம் பின்னணியில் இருந்தால் தெளிவாகத் தெரியும். மழை நின்ற அரைமணி நேரத்தில் தூசியெல்லாம் கழுவப்பட்டிருக்கும், அடிவானம் கத்தி முனை போல இருக்கும்.

இரவு மின்னலுக்கு எஃப்/8, ஐஎஸ்ஓ 100, 15 முதல் 20 நொடி. தொலைவிலுள்ள விளக்கொன்றில் கையால் ஃபோகஸ் செய்து, தொடர்ச்சியாக எடுத்துக்கொண்டே இருங்கள். நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு படத்துக்கும் அதே அளவு நேரம் காத்திருக்க வைக்கும், நல்ல மின்னல் அந்த இடைவெளியில்தான் விழும்.

திறந்த மணலில் டிரைபாட்டோடு நிற்கவே கூடாது. ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று நொடி. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவென்றால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போய், அங்கிருந்து எடுங்கள்.

படி 6: உப்பு

கடற்காற்று முகத்தில் அடிக்கிறதென்றால் லென்ஸிலும் அடிக்கிறது. வெளியில் லென்ஸ் மாற்றாதீர்கள். துடைக்கும் வரிசை முக்கியம்: முதலில் ஊதுபந்தால் மணலை நீக்கி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி, கடைசியில் உலர்ந்த துணி. உலர்ந்த துணியில் தொடங்கினால் மணல் கண்ணாடியைக் கீறும். டிரைபாட் கால்களை அன்றே, முழுதாக நீட்டி, நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

பிற்சேர்க்கை 1: மிரர்லெஸ் கேமராவில் புரொப்பெல்லர் தகடுகள் வாழைப்பழம் போல வளைந்து வருவதாகச் சிலர் கேட்டிருந்தார்கள். காரணம் மின்னணு ஷட்டர். அது சென்சாரை வரி வரியாகப் படிக்கிறது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே தகடு நகர்ந்துவிடுகிறது. சத்தமில்லா மோடை அணைத்து, மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றுங்கள்.

பிற்சேர்க்கை 2: குளிரூட்டிய அறையிலிருந்து நேரே கடற்கரைக்கு வந்தால் லென்ஸில் நீர் படிகிறது, துடைத்தாலும் மறுபடி படிகிறது. துடைக்காதீர்கள். கேமராவைப் பையிலிருந்து எடுக்காமல், பையை மூடியபடியே வெளிக்காற்றில் 30 முதல் 45 நிமிடம் வையுங்கள். விடியலில் படம் எடுக்கப் போகிறவர்கள் முந்தைய இரவே பையைக் குளிரூட்டாத அறையில் வைத்துவிடலாம்.