சூப்பர்ஹீரோவுக்கு 150 புள்ளி: சக்தியின் விலையும் வரம்பும்

ரோல்-பிளேயிங் (கதாபாத்திரமாக ஆடும்) விளையாட்டில் முதல்முறை சூப்பர்ஹீரோ கேரக்டர் உருவாக்குபவர்கள் பெரும்பாலும் ஆசைப்பட்ட சக்திகளையெல்லாம் வாங்கி முடித்த பிறகுதான் வரம்பைப் பார்க்கிறார்கள். அதற்குள் கேரக்டர் ஷீட் (விவரத் தாள்) முழுவதையும் அழித்து எழுத வேண்டியதாகிவிடும். வரம்பை முதலில் எழுதுங்கள். விலைக் கணக்கில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

இங்கே நாம் பார்ப்பது மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ் விளையாட்டின் மூன்றாம் பதிப்பு (2011). பவர் லெவல் (கேரக்டரின் பொது வலிமை நிலை) 10 என்றால், லெவலுக்கு 15 வீதம் செலவழிக்க 150 பவர் பாயிண்ட். எடுத்துக்காட்டுக்கு, பினாங்கு ஜார்ஜ் டவுனைக் காக்கும் 'மின்வேலன்': பறப்பான், கையுறையிலிருந்து மின்னல் வீசுவான்.

படி 1: வரம்பு

ஷீட்டின் தலைப்பில் இதை எழுதிவிடுங்கள்:

தாக்குதல் போனஸ் (குறிபார்க்கும் பகடையில் கூட்டுவது) + சக்தியின் ரேங்க் (வலிமை அளவு): 20க்குள்
டாட்ஜ் (தூரத் தாக்குதலைத் தவிர்ப்பது) + டஃப்னஸ் (அடியைத் தாங்குவது): 20க்குள்
பேரி (கைகலப்பில் தடுப்பது) + டஃப்னஸ்: 20க்குள்
ஃபோர்டிடியூட் (உடல் உறுதி) + வில் (மன உறுதி): 20க்குள்

எல்லாமே பவர் லெவலின் இரு மடங்கு. குறிபார்த்துப் பகடை உருட்டத் தேவையில்லாத சக்திக்கு ரேங்க் 10தான் உச்சம். திறன்களின் மொத்த போனஸ் 20ஐத் தாண்டக்கூடாது.

மின்னலுக்கு ரேங்க் 12 வேண்டுமென்றால் தாக்குதல் போனஸ் 8க்கு இறங்கும். இது நல்ல பேரமா? டாட்ஜ் 10, டஃப்னஸ் 10 உள்ள வில்லனை அடிக்க 20 (10 + டாட்ஜ்) எடுக்க வேண்டும். போனஸ் 10 இருந்தால் 20 பக்கப் பகடையில் 10 விழுந்தாலே போதும், அதாவது 55% வாய்ப்பு. போனஸ் 8 என்றால் 45%. பட்ட அடியைத் தாங்க வில்லன் பகடையோடு டஃப்னஸைக் கூட்டி எடுக்க வேண்டியது 15 + ரேங்க். ரேங்க் 10இல் அவன் தோற்கும் வாய்ப்பு 70%, ரேங்க் 12இல் 80%. இரண்டையும் பெருக்கினால் 38.5%, 36%. கிட்டத்தட்ட சமம்தான், ஆனால் 12இல் பட்டால் காயம் பெரிது, படாமல் போகும் சுற்றுகளும் அதிகம். முதல் கேரக்டருக்கு 10க்கு 10 என்று வைத்துக்கொள்வதே நல்லது. சுற்றுக்குச் சுற்று வீணாய்ப் போனால் புதியவருக்கு ஆட்டமே கசந்துவிடும்.

கைகலப்பு வீரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆயுதத்தின் டேமேஜோடு ஸ்ட்ரெங்த்தும் சேரும். ஸ்ட்ரெங்த் 8, தடியின் டேமேஜ் 3 என்றால் வரம்புக்கு எடுத்துக்கொள்ளும் ரேங்க் 11. தாக்குதல் போனஸ் 9க்கு மேல் போக முடியாது.

படி 2: விலை

(அடிப்படை விலை + எக்ஸ்ட்ரா − ஃப்ளா) × ரேங்க், அதன் பிறகு ஃபிளாட் புள்ளிகள். எக்ஸ்ட்ரா சக்தியைக் கூட்டும், ஃப்ளா அதைக் கட்டுப்படுத்தும், ஃபிளாட் என்பது ரேங்கால் பெருக்காமல் அப்படியே கூட்டுவது. இந்த வரிசை மாறவே கூடாது.

டேமேஜ் ரேங்குக்கு 1. தூரத்திலிருந்து தாக்க ரேஞ்ச்ட் எக்ஸ்ட்ரா +1. ஆக 2 × 10 = 20. இதில் அக்யூரேட் ஒன்று சேர்த்தால் தாக்குதல் போனஸ் 2 கூடும். அது ஃபிளாட், எனவே மொத்தம் 21. புதியவர்கள் இதையும் அடைப்புக்குள் சேர்த்து 3 × 10 = 30 என்று எழுதிவிடுகிறார்கள். ஒன்பது புள்ளி நஷ்டம்.

ஃப்ளா கழித்த பிறகு ரேங்கின் விலை 1க்குக் கீழே போனால் கணக்கு திரும்பும்: 1 புள்ளிக்கு 2 ரேங்க், அடுத்த ஃப்ளாவுக்கு 1 புள்ளிக்கு 3 ரேங்க். இலவசமாக எதுவும் கிடைக்காது.

ஃப்ளா உண்மையிலேயே கேரக்டரைத் தடுக்க வேண்டும். 'கடலுக்கு அருகில் மட்டும் வேலை செய்யும்' என்று ஜார்ஜ் டவுன் வீரனுக்கு எழுதினால் கேம் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துபவர்) ஒப்புக்கொள்ளக் கூடாது. தீவில் இருப்பவனுக்கு அது தடையே இல்லை. 'மழையில் வேலை செய்யாது' என்பது பினாங்கில் மெய்யான தடை.

படி 3: ஒரே கையுறை, மூன்று சக்தி

புள்ளியை மிச்சப்படுத்தும் இடம் இதுதான், அதிகம் தவறு நடக்கும் இடமும் இதுதான். 20 புள்ளி மின்னலை அடிப்படையாக வைத்து, அதே விலைக்குள் அடங்கும் மாற்றுச் சக்தி ஒவ்வொன்றையும் 1 புள்ளிக்கு வாங்கலாம். எதிரியை மரத்துப்போக வைக்கும் ரேஞ்ச்ட் அஃப்ளிக்‌ஷன் 10 (2 × 10 = 20) சரியாகப் பொருந்தும். சுற்றிலும் வெடிக்கும் பர்ஸ்ட் டேமேஜ் 10 (டேமேஜ் 1 + ஏரியா 1) அதுவும் 20. மூன்றுக்கும் சேர்த்து 22.

ஆனால் இரவு நேரத்தில் சூலியா ஸ்ட்ரீட் ஒட்டுக்கடைகளுக்கு நடுவே அந்த வெடிப்பை விட்டால் மீ கோரெங் சாப்பிட வந்தவரும் விழுவார். செலக்டிவ் சேர்த்தால் பொதுமக்களை விட்டுவிடலாம். ஆனால் ரேங்குக்கு 3 ஆகி மொத்தம் 30ஐத் தொடும், 20க்குள் அடங்காது. ரேங்கை 6க்கு இறக்கினால் 18, அடங்கிவிடும். மின்வேலனுக்கு இதையே எடுப்போம்.

பறத்தலை மட்டும் இந்தத் தொகுப்பில் போடாதீர்கள். ஃப்ளைட் 7க்கு 14 புள்ளி (ரேங்குக்கு 2). தொகுப்பில் போட்டால் 1 புள்ளியில் முடியும், 13 மிச்சம். ஆனால் தொகுப்பில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் இயங்கும். நடுவானில் மின்னலை வீசிய கணமே கீழே விழுவான்.

ஃப்ளைட்டுக்கு 5 போதாதா? ரேங்க் 5 மணிக்கு 60 மைல், 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பழைய பினாங்குப் பாலத்தின் தூரத்தைக் கடக்க எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். ரேங்க் 7 மணிக்கு 250 மைல், சுமார் இரண்டு நிமிடம். கூடுதல் 4 புள்ளிக்கு இது தகும்.

படி 4: கழற்றக்கூடிய கருவி

கையுறையைப் பறிக்க முடியுமென்றால் அது ரிமூவபிள் என்ற ஃப்ளா. எல்லாவற்றையும் கூட்டிய பிறகு, ஒவ்வொரு 5 புள்ளிக்கும் 1 கழியும். 22இல் 4 போக 18. கையிலிருந்து எளிதில் தட்டிவிடக்கூடிய கோல் என்றால் 5க்கு 2 கழியும்: 14. மலிவுதான், ஆனால் வில்லன் முதல் சுற்றிலேயே அதைத்தான் குறிவைப்பான்.

படி 5: கூட்டல்

சக்திகள்: கையுறை 18, ஃப்ளைட் 14, மின்கவசம் (சஸ்டெயின்ட் ப்ரொடெக்‌ஷன் 8) 8, மின்சார இம்யூனிட்டி 5. மொத்தம் 45.

அபிலிட்டி (அடிப்படைத் தகுதி) ரேங்குக்கு 2: ஸ்ட்ரெங்த் 2, ஸ்டாமினா 2, அஜிலிட்டி 4, டெக்ஸ்டெரிட்டி 3, ஃபைட்டிங் 5, இன்டலெக்ட் 1, அவேர்னெஸ் 3, பிரசென்ஸ் 1. மொத்தம் 42.

டஃப்னஸ் ஸ்டாமினா 2 + கவசம் 8 = 10. மற்ற நான்கு தற்காப்பும் முறையே அஜிலிட்டி, ஃபைட்டிங், ஸ்டாமினா, அவேர்னெஸ் ரேங்கில் தொடங்கும். அவற்றை 10க்கு உயர்த்த, ரேங்குக்கு 1 வீதம் டாட்ஜ் 6, பேரி 5, ஃபோர்டிடியூட் 8, வில் 7. மொத்தம் 26.

இதுவரை 113. மீதி 37ஐத் திறன்களுக்கும் அட்வான்டேஜுகளுக்கும் (சிறப்புச் சாதகங்கள்) பிரியுங்கள். அட்வான்டேஜ் ரேங்குக்கு 1 புள்ளி. திறனில் 1 புள்ளிக்கு 2 ரேங்க். மின்னலின் தாக்குதல் போனஸ் 10 ஆக, டெக்ஸ்டெரிட்டி 3 போக ரேஞ்ச்ட் காம்பேட் (தூரத் தாக்குதல் திறன்) 7 தேவை, விலை மூன்றரை. அரைப் புள்ளி வீணாகாமல் இருக்க இன்னொரு திறனிலும் ஒற்றைப்படை ரேங்க் வாங்கி, மொத்தத்தை இரட்டைப்படையில் முடியுங்கள்.