நாலு போர்ஷன் கட்டடம் வாங்கும் முன்: வாடகைக் கணக்கைச் சரிபார்ப்பது எப்படி?

நாலு குடித்தனம் இருக்கும் ஒரு சின்னக் கட்டடத்தை வாடகை வருமானத்துக்காக வாங்கி மூன்று வருடம் ஆகிறது. நான் இடறிய இடம் வாடகைக் கணக்கு. அதனால் அதைத்தான் விரிவாக எழுதுகிறேன். பத்திரத்தை வக்கீலிடம் காட்டுவதும் வங்கியில் கடன் கேட்பதும் எந்த வீட்டுக்கும் செய்வதுதான், விட்டுவிடுகிறேன்.

படி 1: கையில் நிற்பது எவ்வளவு?

வருட வாடகை 100 என்று வையுங்கள். ஒவ்வொரு போர்ஷனும் வருடத்தில் ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று 8 கழியுங்கள். சொத்து வரி, காப்பீடு, பொது விளக்கு, ரிப்பேர், பின்னாளில் கூரைக்கும் குழாய்க்கும் எடுத்துவைப்பது என்று 32 போகட்டும். பழைய கட்டடம் என்றால் இன்னும் கூடும். மிச்சம் 60.

வருடக் கடன் தவணை இந்த 60-க்குள் அடங்கினால் மட்டும் போதாது, வாடகை கொஞ்சம் குறைந்தாலும் தாங்கும்படி இடைவெளி வேண்டும். 60-ஐ 1.25-ஆல் வகுத்தால் 48. தவணை அதைத் தாண்டாமல் இருக்க வேண்டும். விலை, பதிவுச் செலவு, முதல் கட்ட வேலை எல்லாம் சேர்த்து 1,000 ஆகிறது என்றால் உங்கள் வருமானம் 6 சதவீதம். கடன் வட்டி 9 சதவீதமாக இருந்தால், கடனைக் கூட்டக் கூட உங்கள் சொந்தப் பணத்துக்குக் கிடைப்பது குறைந்துகொண்டே போகும். இடத்தின் விலை ஏறும், அது ஈடுகட்டிவிடும் என்பார்கள். அதை நம்பி வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதற்கு எந்தச் செயலியும் வேண்டாம், எக்செலில் ஒரு தாள் போதும். ஒவ்வொரு எண்ணையும் நாமே போடும்போதுதான் எது ஊகம், எது நிஜம் என்று தெரியும்.

படி 2: அந்த 100 நிஜமா?

விற்பவர் கொடுத்த தாளில் நாலு வாடகையும் அழகாக எழுதியிருந்தது. நம்பிவிட்டேன். பதிவு முடிந்த முதல் மாதம்தான் தெரிந்தது, மாடியில் இருப்பவர் விற்றவருக்கு உறவு, தாளில் இருந்த தொகையில் பாதிதான் கொடுத்துவந்தார் என்று. கீழ் போர்ஷனில் இருந்தவர் கொடுத்த முன்பணத்தையும் நான் விலையில் கழிக்கவில்லை. அவர் காலி செய்தபோது என் கையிலிருந்து கொடுத்தேன். பழைய உரிமையாளரிடம் போய்க் கேளுங்கள் என்று அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். வாடகை வரவு தெரியும் வங்கிக் கணக்கு விவரத்தை 12 மாதத்துக்குக் கேளுங்கள். அப்புறம், விற்பவரின் சம்மதத்தோடு ஒவ்வொரு குடித்தனக்காரரிடமும் ஒரு பக்கத் தாளில் கையெழுத்து வாங்குங்கள். வாடகை எவ்வளவு, எந்த மாதம் வரை கட்டியிருக்கிறார், முன்பணம் எவ்வளவு, ஒப்பந்தம் எப்போது முடிகிறது, மின்சாரமும் தண்ணீரும் யார் பொறுப்பு, ஏதாவது செய்து தருவதாக விற்பவர் வாக்குக் கொடுத்திருக்கிறாரா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மொத்த முன்பணமும் விலையில் கழியும் என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

கையெழுத்து வாங்கப் போகும்போது விற்பவர் கூட இல்லாமல் இருந்தால் நல்லது. ஒழுகும் சுவரைப் பற்றி அப்போதுதான் வாய் திறப்பார்கள்.

படி 3: நேரில் பார்ப்பது

எல்லாப் போர்ஷனுக்குள்ளும் போங்கள். "அவர் ஊரில் இல்லை" என்றால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். மாடியில் எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். தனித்தனி மீட்டர் இருக்கிறதா? ஒரே மீட்டர் என்றால் பில் உங்கள் தலையில்தான். அனுமதி வாங்கிய வரைபடத்தில் எத்தனை போர்ஷன் என்றும் எண்ணிப் பாருங்கள். கார் நிறுத்தும் இடத்தை மறைத்துக் கட்டிய போர்ஷனின் வாடகையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பின்சேர்க்கை: குடித்தனக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தால் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அந்தப் போர்ஷனின் வாடகையைப் பூஜ்யம் என்று போட்டுக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். அப்போதும் தவணை அடங்கினால் வாங்கலாம். இல்லையென்றால் அந்த வித்தியாசத்தை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். இன்னொருவர், வாங்கியதும் ஒரு போர்ஷனைக் காலி செய்யச் சொல்லித் தானே குடியேறலாமா என்று கேட்டார். பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கும் வாடகை ஒப்பந்தம் புது உரிமையாளரையும் கட்டுப்படுத்தும். விற்பவருக்கு முன்பணம் கொடுக்கும் முன்னாலேயே இதை வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.