முதல் வீடு: புக்கிங் கட்டும் முன் யார் பெயர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

காலையில் மகனை டியூஷனில் விட்டு, மாமியாருக்கு மருந்து வாங்கி, பதினொரு மணிக்கு செகாம்புட்டில் ஒரு கொண்டோ, இரண்டு மணிக்குப் பத்துமலைப் பக்கம் இன்னொன்று. கோலாலம்பூர் செந்தூலில் வாடகைக்கு இருந்துகொண்டு ஐந்து மாதம் எங்கள் சனிக்கிழமைகள் இப்படித்தான் போயின. வீடு வாங்குவதில் பெரிய தவறுகள் இந்த அவசரத்தில்தான் நடக்கின்றன.

செகாம்புட் வீடு 480,000 ரிங்கிட். நான்கு மணிக்கு வேறொரு குடும்பம் வருகிறது, இப்போதே புக்கிங் முன்பணம் கட்டிவிடுங்கள் என்றார் ஏஜெண்ட். பணத்தை அனுப்பும் முன் வழக்கறிஞரிடம் கட்டணம் கேட்கலாம் என்று அழைத்தேன். "ரெண்டு பேர் பேர்லயும் வேற வீடு எதுவும் இல்லையே?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லி வாய் மூடவில்லை, "சுங்கைப் பட்டாணியில் அப்பா வீடு இருக்கே" என்றார் என் கணவர். மாமனார் இறந்தபின் அந்த வீடு மூன்று பிள்ளைகள் பெயருக்கும் மாறியிருந்தது. என் கணவருக்கு அதிலிருந்து ஒரு நாளும் வருமானம் வந்ததில்லை, அதனால் அது நினைவிலேயே இல்லை.

500,000 ரிங்கிட் வரையிலான முதல் வீட்டுக்கு, பெயர் மாற்றத்துக்கும் கடன் ஒப்பந்தத்துக்கும் முத்திரை வரி முழுவதும் விலக்கு. ஆனால் 'முதல் வீடு' என்றால் வாரிசாகவோ அன்பளிப்பாகவோ வந்த வீட்டில் ஒரு பங்குகூட இருந்திருக்கக் கூடாது. இருவர் பெயரில் வாங்கினால் இருவருக்குமே இது பொருந்த வேண்டும். விலக்கு இல்லையென்றால் 480,000க்குப் பெயர் மாற்ற வரி 8,600 ரிங்கிட். 90 விழுக்காடு கடன் எடுத்தால் அதன் மேல் 0.5 விழுக்காடு, அதாவது 2,160. மொத்தம் 10,760 ரிங்கிட்டைக் கையிலிருந்து எடுத்து வைக்க வேண்டும்.

நம் குடும்பங்களில் இது அடிக்கடி நடக்கும். 2023 ஏப்ரல் முதல், பெற்றோர் பிள்ளைக்கு அன்பாகக் கொடுக்கும் வீட்டின் மதிப்பில் முதல் 10 லட்சம் ரிங்கிட்டுக்கு முத்திரை வரி இல்லை. உயிரோடு இருக்கும்போதே எழுதிவிடலாம் என்று பெற்றோர் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். அந்தப் பிள்ளை பிறகு தனக்கென வீடு வாங்கப் போகும்போது 'முதல் முறை வாங்குபவர்' என்ற தகுதி போயிருக்கும். எழுதுவதற்கு முன் குடும்பமாக உட்கார்ந்து இதைப் பேசிவிடுங்கள். நாங்கள் கடைசியில் என் ஒருத்தி பெயரில்தான் வாங்கினோம். கடன் என் சம்பளத்துக்குள் அடங்க வேண்டியிருந்ததால் விலை குறைந்த வீடாகத் தேடினோம்.

அடுத்த தவறு, வரிச் செய்தியைப் பாதி கேட்டுவிட்டு முடிவெடுப்பது. இந்த விலக்கு 2025 கடைசியோடு முடிகிறது என்று பலர் பரபரத்தார்கள். 2026 பட்ஜெட்டில் அது 2027 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. 2025 ஜூலையில் சேவை வரி கட்டுமானப் பணிகளுக்கும் விரிந்தபோது வீட்டு விலையில் 6 விழுக்காடு ஏறும் என்ற பயமும் பரவியது. குடியிருப்பு வீடு கட்டும் பணிக்கு அந்த வரி இல்லை. வழக்கறிஞர் கட்டணத்தின் மேல்தான் 8 விழுக்காடு சேவை வரி வரும், அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

500,000 வரையிலான முதல் வீட்டுக் கடன் வட்டிக்கு 7,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு உண்டு. விற்பனை ஒப்பந்தம் 2025 தொடக்கத்திலிருந்து 2027 முடிவுக்குள் கையெழுத்தாகியிருக்க வேண்டும். தொடர்ந்து மூன்று ஆண்டுகளுக்குக் கோரலாம். ஆனால் அந்த 7,000மும் கையில் திரும்பி வராது. வரிக்குரிய வருமானத்தில்தான் அது குறையும். 11 விழுக்காட்டு வரிப் படியில் இருப்பவருக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 770 ரிங்கிட் மிச்சம். இதை நம்பி மாதத் தவணையை ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், புக்கிங் கட்டும் முன் ஏஜெண்டிடம் சில விஷயங்களைக் கேட்டே ஆக வேண்டும். பூமிபுத்ரா லாட்டா (மலாய்க்காரர், பூர்வகுடியினருக்கு ஒதுக்கிய வீடா), குத்தகை நிலம் என்றால் எத்தனை ஆண்டு மீதம், மாதப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, முன் உரிமையாளர் பாக்கி வைத்திருக்கிறாரா. பெரிய பழுதுகளுக்கான சேமிப்பாக, சிங்கிங் ஃபண்ட் என்று பராமரிப்புக் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு தனியே வரும். இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வரும்வரை பணம் அனுப்பாதீர்கள். நான்கு மணிக்கு வரும் குடும்பம் வந்துவிட்டுப் போகட்டும்.