0.35 பெருசா, 0.4 பெருசா?

தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் மகன், 0.35தான் 0.4ஐவிடப் பெரியது என்று சாதித்தான். "35 பெருசு, 4 சின்னதுப்பா!" பயிற்சித்தாள் கட்டுக்கட்டாகப் போட்டும் மசியவில்லை.

கிரிக்கெட்டை வைத்துச் சொல்லிப் பார்த்தேன், சரிவரவில்லை. அங்கே சராசரி 50கூட வரும். பேஸ்பாலில் சராசரிக்கு, ஹிட்களை (பந்தை அடித்து பேஸை எட்டிய தடவைகளை), மட்டை பிடித்த வாய்ப்புகளால் வகுக்கிறார்கள் ('வாக்', அதாவது மோசமான பந்துவீச்சால் சும்மா கிடைக்கும் பேஸ், கணக்கில் சேராது). விடை ஒன்றைத் தாண்டாது; அதை எப்போதும் மூன்று தசம இடத்தோடு எழுதுவார்கள். மருந்து அதுதான்.

சிங்கப்பூர் தோ பாயோவில் எங்கள் புளோக்குக்குக் கீழே பந்தாடத் தடை. பக்கத்துத் திடலில் பிளாஸ்டிக் மட்டையோடு இறங்கினோம். சனிக்கிழமை 20 பந்தில் 7 அடி: .350. ஞாயிறு 10க்கு 4. ".4" என்று எழுதியவன், மேல் வரியைப் பார்த்து இரண்டு சுழியம் சேர்த்தான். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அப்போ 35 விழுக்காடு, 40 விழுக்காடாப்பா?"

அன்றிரவு அமெரிக்க பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸ் கதை. 1941 பருவத்தின் கடைசி நாள் காலையில் அவர் கணக்கு 448க்கு 179. கால்குலேட்டரில் .39955, மூன்று இடத்துக்கு ரவுண்ட் செய்தால் .400. அன்று ஆடாமல் பேசாமல் உட்கார்ந்திருந்தால், அந்த அபூர்வ .400 அப்படியே நிற்கும். மனிதர் அன்றைய இரண்டு ஆட்டமும் ஆடி, 8க்கு 6 அடித்து .406இல் முடித்தார்.

"உட்கார்ந்திருந்தா அது ஏமாத்துதானே?" என்று இன்னும் தகராறு செய்கிறான்.