ஆர்பிஎம் முள் மக்கர் செய்தால் மீட்டரை மாற்றிவிடாதீர்கள்

பைக் நன்றாக ஓடுகிறது, ஸ்பீடோமீட்டரும் ஒழுங்காக இருக்கிறது. இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் முள் மட்டும் பூஜ்ஜியத்தில் படுத்துக் கிடக்கிறது, இல்லையென்றால் சாமி வந்ததுபோல் ஆடுகிறது. "மீட்டர் போச்சு" என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். நானும் அப்படித்தான் 125 சிசி வண்டி ஒன்றில் மீட்டர் செட்டையே மாற்றினேன். புது முள்ளும் பழைய முள் ஆடிய அதே ஆட்டத்தை ஆடியது. ஹெட்லைட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு எர்த் ஒயரின் (பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் ஒயர்) முனை பச்சை பூத்திருந்தது. சுரண்டி இறுக்கியதும் ஆட்டம் நின்றது. பழைய மீட்டரில் ஒரு குறையும் இல்லை.

மீட்டருக்குத் தானாக எதுவும் தெரியாது, வந்து சேரும் செய்தியைக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. அந்தச் செய்தி எந்த வழியாக வருகிறது என்று பார்க்காமல் ஸ்பானரை எடுப்பதுதான் மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய்த்தவறு. பழைய வண்டிகளில் இன்ஜினிலிருந்து ஒரு கேபிள் சுழன்றபடி மேலே வரும். அதற்கு அடுத்த தலைமுறையில் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலிலிருந்தோ, அந்தக் காயிலை இயக்கும் சிடிஐ பெட்டியிலிருந்தோ ஒரு ஒயரில் மின்துடிப்பு வரும். இன்ஜெக்டர் மூலம் பெட்ரோல் தெளிக்கும் புதிய வண்டிகளில் பெரும்பாலும் ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி) கணக்கிட்டு அனுப்பும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

கேபிள் வகையில் முள் ஆடினால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். உறைக்குள் கேபிள் காய்ந்துபோய், எங்காவது சுருக்காக வளைந்திருந்தால் சிக்கிச் சிக்கிச் சுற்றும். கொஞ்சம் முறுக்கேறி நிற்கும், பிறகு சட்டென்று அவிழும். முள் துள்ளுவது அதனால்தான். சரி, எண்ணெய் விட்டால் போதுமே என்று மேல்முனை வழியாகத் தாராளமாக ஊற்றுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் கெடுகிறது. மீட்டருக்குள் சுழலும் காந்தம், தன்னைச் சுற்றியுள்ள அலுமினியக் கிண்ணத்தைத் தொடாமலே இழுக்கிறது. மெல்லிய சுருள்வில் ஒன்று அதைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த இடுக்கில் கிரீஸ் ஏறினால் காந்தமும் கிண்ணமும் ஒட்டிக்கொள்ளும், முள் மேலே போய்த் திரும்பாது. ஆகவே கேபிளின் கீழ்ப்பகுதிக்கு மட்டும் லேசாகக் கிரீஸ் தடவுங்கள், மீட்டர் பக்கம் கொஞ்ச நீளத்தை உலர்வாகவே விடுங்கள். இன்ஜின் முனையில் ஆயில் சீல் தேய்ந்திருந்தால் ஆயில் தானாகவே கேபிள் வழியாக மேலே ஏறும். சீலை விட்டுவிட்டு மீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தால் வேலை முடியாது.

கேபிள் அறுந்துவிட்டால் புதுசு போட்டு மூடிவிடுவதும் அரைவேலைதான். அது ஏன் அறுந்தது? பழைய மீட்டர் இறுகியிருந்தால் புதுக் கேபிளும் அறும், அல்லது இன்ஜினுக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தின் பற்கள் மழுங்கும். மாட்டும் முன் மீட்டரின் துளையில் முனையைச் செருகி விரலால் சுற்றிப் பாருங்கள். வழவழவென்று சுற்ற வேண்டும்.

இனி ஒயர் வகை. சாவியைத் திருப்பும்போது முள் ஒரு முறை கடைசிவரை போய்த் திரும்பும் வண்டி என்றால் அதைக் கவனியுங்கள். அப்படிப் போய்வந்தால் மின்சாரமும் முள்ளை ஆட்டும் மோட்டாரும் நலம். பார்க்க வேண்டியது துடிப்பு வரும் பாதையை. இன்ஜினை ஐடிலில் (ஆக்சிலரேட்டர் தராமல்) வைத்து ஹேண்டில்பாரை இடமும் வலமும் முழுக்கத் திருப்புங்கள். முள் விழுந்தெழுந்தால் ஸ்டியரிங் கழுத்தருகே வளைந்து வளைந்து ஒயர் உள்ளுக்குள் ஒடிந்திருக்கிறது. அழுத்தமாகத் தண்ணீர் அடித்துக் கழுவிய மறுநாள் தொடங்கிய கோளாறு என்றால் ஒயர்களை இணைக்கும் கப்ளர்களைத் திறந்து உலர்த்துங்கள்.

எர்த்தை மல்டிமீட்டரின் "பீப்" சத்தத்தை வைத்துச் சோதிப்பது பலரும் செய்யும் தவறு. ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் பீப் வரும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியின் நெகட்டிவுக்கும் மீட்டரின் எர்த் ஒயருக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 0.2 வோல்டைத் தாண்டினால் நடுவில் எங்கோ தடை இருக்கிறது. மல்டிமீட்டர் கையில் இருக்கும்போதே பேட்டரியையும் பார்த்துவிடலாம். இன்ஜின் ஓடுகையில் 13.5 முதல் 14.5 வோல்ட் இயல்பு. 15ஐத் தாண்டினால் சார்ஜ் வோல்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைக் கவனியுங்கள், முள் ஆடுவது அப்போது சின்னக் கவலை.

இதில் ஆபத்தான தவறும் ஒன்று உண்டு. 12 வோல்ட் வண்டிதானே என்று காயிலுக்குப் போகும் ஒயரைக் கிள்ளி, கிடைத்த மீட்டரில் சொருகிவிடுவது. சிடிஐ காயிலுக்குத் தள்ளும் அடி சுமார் 200 முதல் 400 வோல்ட் வரை இருக்கும். அதைத் தாங்கும்படி செய்யாத மீட்டர் அங்கேயே கருகும், மலிவான மல்டிமீட்டரும் கூடவே போகலாம். ஈசியு ஒயரில் பல்பு வைத்த டெஸ்டரைத் தொட வைப்பதும் இதே ரகம்.

சிலர் கோளாறே இல்லாத மீட்டரைக் கழற்றுவார்கள். ஐடில் 1400 இருக்க வேண்டிய வண்டியில் 2800 காட்டும், அல்லது 700. இப்படி எப்போதும் சரியாக இரண்டு மடங்கோ பாதியோ காட்டினால் அது கணக்குப் பிழை. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு தீப்பொறி போதும். ஆனால் சின்ன ஒற்றை சிலிண்டர் வண்டிகள் பலவற்றில் ஒவ்வொரு சுற்றுக்கும் தீப்பொறி வரும், ஒன்று வீணாகப் போகும். வேறு வண்டியின் மீட்டரையோ பொதுவாக விற்கும் மீட்டரையோ போட்டால் சுற்றுக்கு எத்தனை துடிப்பு என்பதை அதில் மாற்றிவைக்க வேண்டும். அந்த வசதி இல்லாத மீட்டர் என்றால், அது உங்கள் வண்டிக்கானது அல்ல.

ஸ்பார்க் பிளக் மாற்றிய பிறகு முள் நடுங்க ஆரம்பித்ததா? பிளக்கிலோ பிளக் கேப்பிலோ இருக்க வேண்டிய, தீப்பொறியின் மின் இரைச்சலை அடக்கும் ரெசிஸ்டர் இல்லாமல் போயிருக்கலாம். கேப்பில் பொதுவாக 5 கிலோ ஓம் இருக்கும். என்ஜிகே பிளக் என்றால் எண்ணில் "ஆர்" என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். புதிதாகப் போட்ட எல்இடி விளக்கு, போன் சார்ஜர் இவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

இன்ஜின் சுற்றுவதை ஈசியுவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரை மாற்றச் சொல்பவர்களும் உண்டு. அது செத்தால் வண்டியே ஸ்டார்ட் ஆகாது, இன்ஜின் சீராக ஓடும்போது அதைச் சந்தேகிக்கத் தேவையில்லை. ஈசியுவைப் படிக்கும் ஸ்கேனரில் ஆர்பிஎம் சரியாக வந்து மீட்டரில் வராவிட்டால் கோளாறு ஈசியுவிலிருந்து மீட்டர் வரையிலான பாதையிலோ, கடைசியில் மீட்டரிலோதான்.

இதற்கு நேர்மாறாக, முள் விழுவதை மீட்டர் கோளாறு என்று ஒதுக்கக் கூடாத நேரமும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது இன்ஜின் அணைந்து, அதே நொடியில் முள் சட்டென்று பூஜ்ஜியத்துக்கு விழுகிறது. ஆனால் கியரில் இருப்பதால் சக்கரம் இன்ஜினைச் சுழற்றிக்கொண்டுதான் இருக்கிறது. காயிலிலிருந்து துடிப்பை எடுக்கும் மீட்டர் என்றால் இக்னிஷனே நின்றிருக்கிறது என்று பொருள். அப்போது கார்புரேட்டரைப் பிரிக்க வேண்டாம். கில் சுவிட்ச், சாவி சுவிட்ச், காயிலுக்குப் போகும் ஒயர் என்று வரிசையாகப் பாருங்கள்.