முரசாகிச் செல்களிலிருந்து ஷிகோனின் பெறும் முறை

ஜப்பானியர் முரசாகி என்றழைக்கும் செடியின் வேரில் ஷிகோனின் என்னும் செந்நிறப் பொருள் உருவாகிறது. சாயத்துக்கும் புண் மருந்துக்கும் பயன்படும் இதற்காக, செடி சில ஆண்டுகள் முதிரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மாமோரு தபாதா குழுவினர் நடத்திய ஆய்வின் வழியில், மிட்சுயி பெட்ரோகெமிக்கல் நிறுவனம் 1980களில் இதன் செல்களைத் தொட்டிகளில் வளர்த்து வணிக அளவில் உற்பத்தி செய்தது. பொருள் உருவாவதைக் கண்ணாலேயே காண முடிவதால், செடிச் செல் வளர்ப்புக்குப் புதியவர்கள் இதிலிருந்து தொடங்குவதே நல்லது.

முதலில் விதைகளை 70 சதவீத எத்தனாலில் அரை நிமிடமும், 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் 10 நிமிடமும் வைத்து, நுண்ணுயிர் நீக்கிய நீரில் மும்முறை கழுவி முளைக்க விடுங்கள். மண்ணில் வளர்ந்த வேரைத் தவிருங்கள். அதற்குள் குடியிருக்கும் பூஞ்சையையும் பாக்டீரியாவையும் முழுமையாக அகற்றுவது மிகக் கடினம்.

அடுத்து, நாற்றின் துண்டுகளை லின்ஸ்மையர்–ஸ்கூக் என்னும் ஊட்டக் கலவையில் (ஊடகத்தில்) வையுங்கள். லிட்டருக்கு 30 கிராம் சுக்ரோஸும் கெட்டிப்பட அகரும் சேர்த்து, காரகாடித்தன்மையை (pH) 5.8 அளவில் நிறுத்தி, ஊடகத்தை முன்கூட்டியே 121 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் நுண்ணுயிர் நீக்கம்) செய்ய வேண்டும். வளர்ச்சி ஊக்கிகளான 2,4-டி 1 மைக்ரோமோலாரும் கைனெட்டின் 10 மைக்ரோமோலாரும் இருந்தால், 25 டிகிரியில் சில வாரங்களில் கேலஸ் என்னும் செல் திரள் தோன்றும். மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை புது ஊடகத்துக்கு மாற்றுங்கள்.

இந்தக் கட்டத்தில் கேலஸ் செழித்து வளர்ந்தும் வெளிறியே இருக்கும். பலர் தோற்றுவிட்டதாக நினைப்பது இங்கேதான். பெருகுவதற்கு உதவும் அம்மோனியமும் 2,4-டியும் ஷிகோனின் உருவாவதைத் தடுக்கின்றன, ஒளியும் தடுக்கிறது. ஆகவே செல்களை, நைட்ரேட் மட்டுமே நைட்ரஜன் மூலமாகவும் செம்பு சற்றுக் கூடுதலாகவும் உள்ள எம்-9 ஊடகத்துக்கு மாற்றி, 2,4-டிக்குப் பதிலாக இண்டோல் அசெட்டிக் அமிலம் என்னும் வேறொரு வளர்ச்சி ஊக்கியைச் சேர்த்து, இருளில் வையுங்கள். மிட்சுயியின் தொட்டிகளிலும் இதே இரு கட்ட முறைதான் பின்பற்றப்பட்டது: வளர்ச்சிக்கு 9 நாள், உற்பத்திக்கு 14 நாள்.

செல்கள் எல்லாம் ஒரே அளவில் சிவப்பதில்லை. ஆழ்ந்த நிறமுள்ள துணுக்குகளை மட்டும் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தேர்ந்தெடுத்து வந்தால் விளைச்சல் உயரும். சலிப்பூட்டும் இந்த வேலைக்கு ஈடான குறுக்குவழி எதுவும் புதியவர்களுக்கு இல்லை.

இறுதியாக, உலர்த்திய செல்களை ஹெக்சேன் என்னும் கரைப்பானில் ஊறவைத்து வடிகட்டுங்கள். செந்நிற வடிநீரில் சிறிதளவு காரக் கரைசலைச் சேர்த்துக் குலுக்கும்போது நிறம் நீலமாக மாறினால், கிடைத்திருப்பது ஷிகோனின் வகைப் பொருள்தான்.