ஆர்கெஸ்ட்ராவில் வாசித்துக்கொண்டே தொழில் நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு காலண்டரிலேயே தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவின் பெரிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ராக்களில் வாரத்துக்கு 8 ‘சர்வீஸ்’ என்பது வழக்கமான கணக்கு. ஒத்திகையோ கச்சேரியோ, எதுவானாலும் ஒரு சர்வீஸ். சுமார் இரண்டரை மணி நேரம். பெருக்கிப் பார்த்தால் 20 மணி நேரம்தான். ‘மீதி நேரமெல்லாம் நம்முடையது, ஒரு தொழில் தொடங்கலாமே’ என்று தோன்றும். அந்த 20 மணி நேரம் மேடையில் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டுமே. அடுத்த வாரத்துக்கான பகுதியைப் படிப்பது, கைக்குக் கொண்டுவருவது எல்லாம் வீட்டில் நடக்கிற வேலை. ஓபோ என்ற ஊதும் வாத்தியத்தை வாசிப்பவர் என்றால், அதன் ரீட்டை, அதாவது ஊதும் நாணல் சீவாளியை, கத்தியோடு உட்கார்ந்து சீவும் நேரம் தனி. எப்போது வேண்டுமானாலும் ரீட்டில் விரிசல் விழும், உடனே மாற்று ரீட் வேண்டும்.

தொழிலில் ஒரு சந்திப்பைத் தள்ளிவைக்கலாம், சரக்கு இரண்டு நாள் தாமதமானால் மன்னிப்புக் கேட்கலாம். மாலைக் கச்சேரியைத் தள்ளிவைக்க முடியாது. அதனால் முதலில் காலண்டரில் ஆர்கெஸ்ட்ராவின் கச்சேரிப் பருவம் முழுவதையும் எழுதிவிட்டு, மிஞ்சிய இடத்தில் தொழிலை நுழைக்க வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வார நாள்களில் வியாபாரம், ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் சாதகம் என்று மொத்தமாகச் சேர்த்துவைப்பதும் பலிக்காது. டிரம்பெட்டோ ஹார்னோ வாசிப்பவரின் உதட்டுத் தசைகளுக்கு இந்த மொத்த வியாபாரம் புரியாது. தினமும் முக்கால் மணி நேரம் வாசிப்பவரின் உதடு, வாரம் ஒருமுறை நான்கு மணி நேரம் வாசிப்பவரின் உதட்டைவிட நன்றாகத் தாங்கும். வெளியூர்ப் பயணத்தில் ஓட்டல் அறையில் பிராக்டிஸ் மியூட் (ஒலியை அடக்கும் அடைப்பான்) போட்டு வாசிப்பது ஒன்றுமில்லாததற்கு மேல்தான், ஆனால் மியூட் காற்றுக்குத் தடை கொடுப்பதால் ஊதும் உணர்வே மாறிவிடுகிறது. அதை மட்டும் நம்பி ஒரு வாரம் கழித்து மேடையேறினால் பக்கத்து நாற்காலிக்காரருக்கு உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது, ‘நமக்குப் பதில் ஒருவரை அனுப்பிவிடலாம்’ என்ற எண்ணம். இதற்கு ஒரு பழைய சம்பவம் இருக்கிறது. லண்டனில் ஹென்றி வுட் இசை நடத்துநராக இருந்த குயீன்ஸ் ஹால் ஆர்கெஸ்ட்ராவின் கலைஞர்கள், வேறிடத்தில் கூடுதல் பணம் கிடைத்தால் ஒத்திகைக்கு மாற்று ஆளை அனுப்புவது வழக்கமாக இருந்தது. ஒத்திகையில் ஒரு முகம், கச்சேரியில் இன்னொரு முகம். இனி மாற்று ஆள் கூடாது என்று நிர்வாகம் உத்தரவு போட்டதும் பெரிய குழு ஒன்று விலகிப்போய், 1904இல் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவைத் தாங்களே உரிமையாளர்களாகத் தொடங்கியது. பிழைப்பு என்று பார்த்தால் கலைஞர்கள் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் ஹென்றி வுட்டின் எரிச்சலும் பொய்யில்லை: ஒத்திகையில் சொன்னதைக் கேட்காத ஆள் கச்சேரியில் வந்து உட்கார்ந்தால் பத்துப் பேரின் உழைப்பு வீண். மாற்று ஆள் அவசியமானால் முழு நிகழ்ச்சிக்கும், முதல் ஒத்திகையிலிருந்தே, நிர்வாகத்திடம் சொல்லிவிட்டு அனுப்புங்கள்.

சார்லஸ் ஐவ்ஸை உதாரணம் காட்டாதவர்களே இல்லை. நியூயார்க்கில் காப்பீட்டு நிறுவனம் நடத்திக்கொண்டே சிம்பொனிகள் எழுதியவர், மூன்றாம் சிம்பொனிக்காக 1947இல் புலிட்சர் பரிசு பெற்றவர். ‘அவரால் முடிந்ததே’ என்பது சரிதான். ஆனால் ஐவ்ஸ் இசையமைப்பாளர். எழுதியதை இழுப்பறையில் போட்டுவிட்டு அலுவலகம் போகலாம். வாசிப்பவருக்கு அந்த இழுப்பறை கிடையாது. மேலும், 1918இல் அவரது உடல்நலம் பெரிதாகக் கெட்டதையும், 1920களில் புதிதாக எழுதுவது ஏறக்குறைய நின்றுபோனதையும் இந்த உதாரணத்தைச் சொல்பவர்கள் சொல்வதில்லை.

பொருத்தமான முன்னோடிகள் வேறு இருக்கிறார்கள். மியூனிக் அரசவை ஆர்கெஸ்ட்ராவின் ஃப்ளூட் கலைஞர் தியோபால்ட் போம் பொற்கொல்லரின் மகன். 1828இல் சொந்தப் பட்டறை தொடங்கினார், 1832இல் புதிய வகை ஃப்ளூட்டை உருவாக்கினார், பிறகு பல ஆண்டுகள் இரும்புத் தொழிலுக்குள் போய்விட்டார். 1847இல் உருளை வடிவ ஃப்ளூட்டோடு திரும்பி வந்தபோது, பாரிஸுக்கும் லண்டனுக்கும் தானே சரக்கு அனுப்பிக்கொண்டிருக்காமல், அங்குள்ள தயாரிப்பாளர்களுக்கு உரிமையை விற்றார். வாசிப்பது, தயாரிப்பது, விற்பது என்று எல்லாவற்றையும் ஒரே தலையில் ஏற்றிக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாஸ்டன் சிம்பொனியில் டிரம்பெட் வாசித்த வின்சென்ட் பாக், 1918இல் மவுத்பீஸ் (உதட்டில் வைத்து ஊதும் முனை) தயாரிக்கத் தொடங்கினார். பின்னர் அதுவே முழுநேரத் தொழிலாகி, 1961இல் நிறுவனத்தை செல்மர் என்ற வாத்தியத் தயாரிப்பு நிறுவனத்துக்கு விற்றார்.

இப்படி வாத்தியம் சார்ந்த தொழிலே செய்பவர்களுக்கு ஒரு தனி ஆபத்து: சக கலைஞர்களே வாடிக்கையாளர்கள். மூத்த கலைஞர் தன் சரக்கை நீட்டினால், அதே வரிசையில் கடைசி நாற்காலியில் இருக்கும் இளைஞர் எப்படி மறுப்பார்? உங்களிடம் வாங்கியவர் ஆர்கெஸ்ட்ராவில் சேரும் தேர்வுக்கு வந்தால், தேர்வுக் குழுவிலிருந்து எழுந்து வெளியே போய்விடுங்கள். சொந்தப் பிரிவில் விற்காமல் இருப்பது இன்னும் நல்லது.

வாத்தியத்தின் காப்பீடு பற்றியும் ஒரு வரி. வீட்டுக் காப்பீடுகள் பல, சம்பாதிக்கப் பயன்படும் வாத்தியத்தை முழுதாக ஏற்பதில்லை. பத்திரத்தைப் படித்துவிடுங்கள்.

கடைசியாக, வியாபாரத்தில் தேறியவர்கள் ஆர்கெஸ்ட்ராவின் நிர்வாகக் குழுவில் நுழைந்ததும் செய்யும் தவறு. ‘உற்பத்தித்திறன்’ என்று ஆரம்பித்து ஒத்திகையைக் குறைக்கப் பார்ப்பார்கள். 1966இலேயே பொருளாதார அறிஞர்கள் வில்லியம் பாமோலும் வில்லியம் போவனும் இதை விளக்கிவிட்டார்கள்: தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் ஆள் குறையும், ஒரு நால்வர் இசையை வாசிக்க இன்றும் நால்வர்தான் வேண்டும், நேரமும் குறையாது. சம்பளம் மட்டும் மற்ற துறைகளோடு சேர்ந்து உயரும். ஆர்கெஸ்ட்ராவின் பணப் பற்றாக்குறைக்கு ஒத்திகை காரணம் இல்லை. உங்கள் வியாபார மூளைக்கு வேலை வேண்டுமென்றால் அரங்க வாடகை ஒப்பந்தம், சந்தா விற்பனை, பயணச் செலவு இவற்றைக் கையில் எடுங்கள். அவற்றைப் பேரம் பேசத் தெரிந்தவர்கள் கலைஞர்களில் மிகக் குறைவு.